வினாவும் விடையும்: சங்கரநயினார்கோயில் வரலாறு முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

சங்கரநயினார்கோயில் என்று நூல்களில் வழங்கும் சங்கரன்கோவில், தென்பாண்டி நாட்டுச் சிவதலங்களுள் ஒரு தனி நிலையுடையது. திருநெல்வேலிக்கு வடமேற்கே உள்ள இவ்வூர், 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் புதிதாக வகுக்கப்பட்ட காலத்துத் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரிந்து அதன்பாற் சேர்ந்தது. புன்னைவனம் என்பது இதன் பழம்பெயர்களுள் ஒன்று. புற்றினிடத்து வெளிப்பட்ட இலிங்கத்துக்கு உக்கிரபாண்டியன் கோயில் எடுப்பித்தான் என்பது தலவரலாறு. இத்தலத்தின்மேல் உலா, அந்தாதி முதலிய பிரபந்தங்கள் எழுந்துள்ளன. அவற்றைத் தேடியெடுத்து அச்சேற்றியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். ஒன்பது நிலைக் கோபுரத்தைக் கடந்து உட்புகுவார், ஆண்டு மூன்று சந்நிதிகளைக் காண்பர். ஒன்று சங்கரலிங்கப் பெருமானது, ஒன்று கோமதியம்மையினது, இவ்விரண்டற்கும் நடுவே அமைந்தது சங்கரநாராயணர் சந்நிதி. ஐயனுக்கும் அம்மைக்கும் இடையே இத்திருவுருவம் அமைந்தமைக்குக் காரணம் ஒரு வினா. அவ்வினாவினது இயல்பை ஆராயுமிடத்து, சைவ நூல்களில் வினா என்பது பெற்றுள்ள இடமும் ஒருங்கு விளங்கும்.

சங்கன், பதுமன் என்பார் நாகர் தலைவர் இருவர். சங்கன் சிவபிரானிடத்தும் பதுமன் திருமாலிடத்தும் நீங்கா அன்பு பூண்டவர். சங்கரன் பெரியனோ நாராயணன் பெரியனோ என்று இருவர்க்கும் வாதம் நிகழ்ந்தது. சங்கன் தன் கட்சிக்குரிய பிரமாணங்களை எடுத்துக் காட்டினான். பதுமன் தன் கட்சிக்குரியவற்றைக் காட்டினான். வாதம் முடிந்தபாடில்லை. ஈற்றில் இருவரும் உமையம்மையை அடைந்து தம் வழக்கை வைத்தனர். அம்மை இவன் பெரியன் என்றோ அவன் பெரியன் என்றோ தீர்ப்புக் கூறிற்றிலள். இறைவனை வணங்கி, இருவரும் ஒருருவாய் நிற்கும் நிலையைக் காட்டியருளுமாறு வேண்டினாள். புன்னைவனத்திற் சென்று தவம் புரிக என்பது இறைவன் ஆணை. ஆனினங்கள் சூழ அம்மை ஆண்டுத் தவங்கிடந்தமையின் ஆவுடையம்மை எனவும் கோமதி எனவும் பெயர் பெற்றாள். ஆடித் திங்களில் உத்திராட நாளன்று வலப்பாகம் சங்கரனும் இடப்பாகம் நாராயணனுமாகிய திருவுருவிற் பெருமான் காட்சி கொடுத்தருளினன். ஆடித்தபசு என்னும் பெருவிழா இதன் நினைவாகவே நடைபெற்று வருகின்றது.

இவ்வரலாற்றைப் பலர் சைவ வைணவ ஒற்றுமை கூறும் கதை என்ற அளவில் நிறுத்திவிடுவர். அது பொருந்துவதேயாயினும் முழுவதும் அன்று. ஈண்டு உற்றுநோக்கற்பாலது, நாகர் கேட்ட வினாவும் அம்மை கேட்ட வினாவும் ஒன்றல்ல என்பதே. பெரியவர் யார் என்பது நாகர் வினா. இருவரும் ஒன்றாய் நிற்குமாறு யாங்ஙனம் என்பது அம்மை வினா. முன்னையது எத்துணைக் காலம் வாதித்தாலும் தீராது. ஏனெனில், அதனைக் கேட்பார் இருவரும் தத்தமக்குரிய விடையை முன்னரே கைக்கொண்டிருந்தனர். கேட்டது அறிதற்பொருட்டன்று, தம் விடையை மற்றவன் வாயால் வருவித்தற்பொருட்டு. அன்றியும், அவ்வினாவினுள் ஆராயப்படாத துணிபு ஒன்று மறைந்து கிடந்தது. இருவரும் ஒருநிகரனவாகிய இரு வேறு பொருள்கள், ஒரே அளவுகோலால் அளக்கப்படுவார் என்பதே அத்துணிபு. அதனை ஆராயாது விட்டு, அதன்மேல் எழுந்த வினாவுக்கு மட்டும் விடை தேடுவார் இடர்ப்படுவது இயல்பேயாம்.

வினாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகையான விடை பொருந்தாது என்பதனைத் தமிழ் நூலோர் பண்டே அறிந்திருந்தனர். புறச்சமய நூலேயாயினும், மணிமேகலையின் இறுதிக் காதை இவ்விடயத்தில் மிகவும் பயன்படுவது. அறவண அடிகள் மணிமேகலைக்கு அறங்கூறுமிடத்து விடை நான்கு வகைப்படும் என்கின்றார். தோன்றியது கெடுமோ கெடாதோ என்றால், கெடும் என்று துணிந்து சொல்லிவிடலாம். இறந்தவன் மீளப் பிறப்பானோ என்றால், அவ்வாறு சொல்லலாகாது. பற்று அற்றவனையோ அறாதவனையோ கேட்கின்றாய் என்று கூறிட்டு மொழிதல் வேண்டும். முட்டை முந்தியதோ பனை முந்தியதோ என்பானை நோக்கி, எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பதே விடையாம். ஆகாயப் பூப் பழையதோ புதியதோ என்று கேட்பானுக்கு வாய்வாளாமையே தக்கது. இந்நான்கும் விடையின் வகைகளாகக் கூறப்பட்டனவேனும், உண்மையில் வினாக்களையே தரம் பிரிக்கும் உரைகல்லாக நிற்கின்றன. விடை கூறப் புகுமுன்னர், கேட்கப்பட்டது எவ்வகை வினா என்று காண்டலே அறிவுடையார் செய்யும் முதற்செயல்.

சங்கன் பதுமன் இருவரது வினாவை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும். துணிந்து சொல்லும் விடையை அம்மை கூறியிருப்பின், சங்கன் களிகூர்ந்திருப்பான். பதுமன் மனம் முறிந்திருப்பான். அறிவு இருவர்க்கும் வளர்ந்திராது. வாய்வாளாமையும் பொருந்தாது, வினா பொருளற்றதன்று. எஞ்சியது கூறிட்டு மொழிதல். நாராயணன் என்னும் பெயராற் குறிக்கப்படுவது யாது என்று பகுத்தல் வேண்டும். முத்தொழிலுள் காத்தலை மேற்கொண்ட முதல்வன் என்ற அளவிற் கொண்டால், சித்தாந்தம் அவனை அத்தொழிற்கு அதிகாரியாக வைத்து, மூவர்க்கும் மேலாகிய பதியாகச் சிவபரம்பொருளை உணர்த்தும். சிவனது அருட்சத்தியே அத்தொழிலில் நின்று அவ்வடிவு கொண்டது எனக் கொண்டால், ஆண்டு உயர்வு தாழ்வு என்னும் பேச்சே எழாது. தீயையும் தீயின் வெம்மையையும் நிறுத்து, எது கனம் எனப் பார்ப்பாரில்லை. சிவஞானசித்தியார், சிவம் சத்தி முதலாக உருத்திரன் மால் அயன் ஈறாக ஒன்பது பேதமாய் ஒருவனே நடிக்கின்றான் எனக் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அப்பரடிகள் திருவையாற்றுப் பதிகத்தில் அரியையே இறைவனுக்குத் தேவியாக வைத்து அருளிச்செய்தனர். மாதொருபாகத் திருவுருவில் உமை நிற்கும் இடப்பாகத்திலேயே சங்கரநாராயண வடிவில் மால் நிற்பது இக்கருத்துப் பற்றி என்க. பதினாறாம் நூற்றாண்டினராகிய அப்பைய தீட்சிதர், இரத்தினத்திரய பரீட்சை என்னும் சிறு நூலில், பரம்பொருளின் சத்தி ஒன்றே பெண்வடிவில் அம்பிகையாகவும் ஆண்வடிவில் நாராயணனாகவும் நிற்கும் என நாட்டுகின்றார். அவர் சிவாத்துவித நெறியினர். சித்தாந்தத்தோடு முற்றும் ஒத்தவரல்லர். ஆயினும் இவ்வொரு பொருளில் அவர் உரை சங்கரநயினார்கோயில் அமைப்புக்கு உரையெழுதியது போலவே உள்ளது. ஐயனுக்கும் அம்மைக்கும் நடுவே அச்சந்நிதி நிற்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

அற்றேல், இது சங்கன் வெற்றியைச் சுற்றிவளைத்துக் கூறியதன்றோ எனின், அன்று. இவ்வடிவைச் சைவர் மட்டும் பாராட்டினாரல்லர். பேயாழ்வார் திருமலைமேல் நின்ற பெருமானைத் தாழ்சடையும் நீள்முடியும் ஒருங்குடையவனாகப் பாடினர். வாதாபிக் குடைவரைகளில் ஆறாம் நூற்றாண்டுச் சிற்பிகள் இவ்வடிவைப் பாறையிற் செதுக்கினர். மாமல்லபுரத்துத் தருமராச இரதத்தும் இது காணப்படும். கடல் கடந்து காம்போச நாட்டில் ஏழாம் நூற்றாண்டுக் கோயில்களிலும் இது வழிபடப் பெற்றது. ஆகலின் பெரியவர் யார் என்னும் வினாவால் இடர்ப்பட்டவர் நாகர் இருவர் மட்டுமல்லர் என்பதும், அவ்வினாவை மாற்றிக் கேட்டவர் பல நாட்டினும் இருந்தனர் என்பதும் துணியப்படும். தலவரலாற்றில் ஒரு நுட்பம் பலராற் கவனிக்கப்படுவதில்லை. காட்சி கண்ட பின்னும் சங்கன் சிவனடியானாகவும் பதுமன் மாலடியானாகவுமே இருந்தனர். அவரவர் அன்பு மாறிற்றில்லை. மாறியது அவரது வினாவே. ஆடித்தபசு விழாவிலும், தவமண்டபத்தில் நிற்கும் அம்மைக்குப் பெருமான் முதலிற் சங்கரநாராயணராகவும் பின்னர் இரவிற் சங்கரலிங்கராகவும் எழுந்தருளிக் காட்சி கொடுக்கின்றனர். முதற்காட்சி நாகர்பொருட்டு, இரண்டாவது அம்மைபொருட்டு என்று கொள்ளலாம்.

வினாவுக்கும் விடைக்கும் நடுவே தவம் ஒன்று நிகழ்ந்தது என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. உபநிடதங்களுள் ஒன்று வினா என்னும் பொருளுடைய பிரசினம் என்பதனையே பெயராகக் கொண்டுள்ளது. அறுவர் பிப்பலாத முனிவரை அடைந்து ஐயம் வினவ, அவர் உடனே விடை கூறிற்றிலர். ஓராண்டு தவமும் விரதமும் காத்து என்பால் இருங்கள். அதன்பின் வேண்டியவற்றைக் கேளுங்கள். அறிந்தேமாயிற் சொல்லுவேம் என்றனர். ஓராண்டு காத்திருந்தார் கேட்கும் வினா, வந்த அன்று கேட்டிருக்கும் வினாவாக இராது. அறிந்தால் என்று முனிவர் வைத்த அச்சொல்லும் அழகியது.

இனி, வினாவை இலக்கணத்தின் பாற்படுத்து ஆராய்ந்தவர் நன்னூலார். அந்நூலுக்கு விருத்தியுரை எழுந்ததும் இச்சங்கரநயினார்கோயிலுக்கு அணித்தாகிய ஊற்றுமலைச் சமீன் தொடர்பினாலேயே என்பது ஓர் இனிய ஒற்றுமை. இலக்கணக்கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகரின் மாணவராகிய திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயப் புலவர், ஊற்றுமலை மருதப்ப தேவர் வேண்டுகோட்படி அவ்வுரையை இயற்றினர். பின்னர் 1785இல் சிவபதம் எய்திய திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதனைத் திருத்திப் புத்தம்புத்துரை என விளங்கச் செய்தனர். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா அறுவகைத்து. ஆசிரியன் மாணாக்கனைச் சோதிப்பது அறிவினா. மாணாக்கன் ஆசிரியனைக் கேட்பது அறியாவினா. கயிறோ பாம்போ என்பது ஐயவினா. ஏனைய மூன்றும் கடைவீதியினும் மனையினும் வழங்குவன. விடையோ சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாம். நூல் கற்குமாறு கூறுமிடத்தும், வினாவுதலையும் வினாவியவற்றுக்கு விடை கூறுதலையும் கடனாகக் கொண்டவனுக்கே அறியாமை பெரிதும் நீங்கும் என்று நன்னூலார் விதித்தனர். இவ்வறுவகையுள் நாகர் வினா எதன்பாற்படும்? உருவத்தால் ஐயவினா, ஆயின் இருவர்க்கும் ஐயம் இல்லை. அறியாவினாவுமன்று, ஒருவரும் தம்மை அறியார் எனக் கருதிற்றிலர். எதிரியை மடக்கும்பொருட்டு எழும் வாதவினாவுக்கு நன்னூலார் இடங்கொடாமை குறையன்று. அதனை வினாவாகவே அவர் மதித்திலர் போலும்.

வினாவுதற்கு உரியவர் யாவர் என்பது இன்னும் ஆழமான கேள்வி. இதற்குச் சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரமே விடை தருகின்றது. சத்தாகிய சிவம் அசத்தை எதிர்நின்று அறிவதில்லை. அதற்கு அறியவேண்டுவது ஒன்றில்லை. அசத்தாகிய பாசம் சடமாதலின் ஒன்றனையும் அறியமாட்டாது. இவ்விரண்டனையும் அறியும் அறிவுடையது, இவ்விரண்டனுள் ஒன்றும் அல்லாததாகிய ஆன்மா. இதனை வினாவின்மேல் வைத்து நோக்குக. முற்றும் உணர்ந்த சிவத்துக்கு வினா இல்லை. ஒன்றும் உணராத பாசத்துக்கும் வினா இல்லை. அறிந்தும் அறியாதும் நடுநிற்கும் சதசத்தாகிய உயிர்க்கே வினா உண்டு. யவன தேயத்துப் பிளேற்றோ இயற்றிய மேனோ என்னும் உரையாடலில், ஒருவன் சாக்கிரத்தீசை நோக்கி ஒரு முட்டுப்பாட்டை எழுப்புகின்றான். அறிந்த பொருளைத் தேடவேண்டுவதில்லை. அறியாத பொருளைத் தேட இயலாது. எதிர்ப்பட்டாலும் இதுவே அது என்று யாங்ஙனம் தெளிவது என்பது அவன் கேள்வி. உயிர் முன்னரே கற்று மறந்ததனை நினைவுகூர்தலே கல்வி என்று சாக்கிரத்தீசர் விடையிறுத்தனர். சித்தாந்தத்திற்கு அம்முட்டுப்பாடு எழுவதில்லை. அறிந்தது, அறியாதது என்னும் இரண்டற்கும் நடுவே அறிவு உண்டாகியும் மறைப்புண்டு கிடக்கும் நிலை ஒன்று உண்டு, மறைப்பது ஆணவம், அறிவித்தால் அறியும் இயல்பினது உயிர். மறதி என்பதினும் மறைப்பு என்பது பொருத்தமுடைத்து. மறந்தவன் தான் மறந்ததனை ஒருகால் தானே நினைந்து கொள்ளவுங்கூடும். கண் மறைப்புண்டவனுக்கோ பிறர் கைகொடுத்தல் வேண்டும். அதனாலேயே சித்தாந்தத்தில் வினா எப்போதும் ஆசிரியனை நோக்கியே எழுகின்றது.

மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் உண்மைவிளக்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. திருவதிகை மனவாசகங்கடந்தார் தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை வினவ, அவர் விடையிறுப்பதாக அமைந்த நூல் அது. நூலின் தொடக்கத்திலேயே மாணாக்கர் தம் வினாக்கள் அனைத்தையும் நிரல்பட வைத்துவிடுகின்றார். முப்பத்தாறு தத்துவம் யாவை, ஆணவம் யாது, வினை யாது, நான் யார், நீ யார், நாதன் நடம் யாது, அஞ்செழுத்தின் இயல்பு யாது என்பன அவை. இந்நிரலில் உள்ள நுட்பம் பெரிது. நான் யார் என்று அவர் முதலிற் கேட்டிலர். அவ்வாறு கேட்டிருப்பின் உடம்பே நான், கருவிகளே நான் என்னும் பிழைபட்ட விடைகளுள் ஒன்று வந்து நிற்கும். தத்துவங்களை ஒவ்வொன்றாக எண்ணி, இவை நான் அல்ல என்று கழித்து, மறைப்பையும் வினையையும் வேறு கண்ட பின்னரே நான் என்பது வினாவுதற்கு உரித்தாகின்றது. நான் என்பது தெளிந்த பின்னரே நீ என்பது. கேட்கும் முறை பிறழ்ந்தால் விடையும் பிறழும் என்பதனை உரையாக எடுத்துக் கூறாமல், வினாக்களை வைத்த வைப்பினாலேயே அவ்வாசிரியர் காட்டிவிட்டனர். இக்காலத்து இந்நூலைப் பாடஞ்சொல்வார் சிலர், விடைகளையே விரித்து வினாச் செய்யுட்களைப் பாயிரம்போல் விரைந்து கடந்துவிடுகின்றனர். அது நூலின் முதுகெலும்பை விட்டு ஊனை மட்டும் கொள்வதாம்.

அருணந்தி சிவாசாரியார் வரலாறோ மற்றொரு திறத்தது. சகலாகம பண்டிதர் என்று பெயர் படைத்த அவர், மெய்கண்டார் குடும்பத்துக்குக் குலகுரு. இளம்பருவத்தினராகிய மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் மாணாக்கர்க்கு உண்மை உணர்த்துவதனைக் கேள்வியுற்றுச் சென்றார். ஆணவமலத்தின் சொரூபம் யாது என்று வினவினார். வாய்திறந்து விடை கூறாது, நின்ற அவரையே மெய்கண்டார் அடிமுதல் முடிவரை நோக்கிச் சுட்டியமர்ந்தனர். நன்னூலார் எட்டு விடையுள் முதலில் வைத்த சுட்டு இதனினும் கூர்மையாக எங்கும் வழங்கியதாகத் தெரியவில்லை. அருணந்தியாரது வினா இலக்கணத்தின்படி குறையற்றது. ஆகமங்களையெல்லாம் கற்றவர் கேட்கத்தக்கது. ஆயின் கேட்டவர் நிலை வேறாயிருந்தது. அறியும்பொருட்டன்றி அளக்கும்பொருட்டு வந்த வினா அது. வினாவை விட்டு வினாவியவரைச் சுட்டிய அந்த விடையால் அவர் அடிவீழ்ந்து மாணாக்கராயினர். நாகர்க்கு நேர்ந்ததும் இஃதே எனினும் இழுக்கில்லை. ஆண்டு அம்மை வினாவை மாற்றினாள். ஈண்டு ஆசிரியர் வினாவியவரை மாற்றினர்.

மாணாக்கராயின பின் அருணந்தியார் வினாவுதலை விட்டாரோ எனின், விட்டிலர். இருபா இருபஃது என்னும் நூலின் இருபது செய்யுட்களிலும் மெய்கண்டாரை முன்னிலைப்படுத்தி அவர் கேட்பனவே மிகுதி. நீ என்னுள் என்றும் நிறைந்திருந்தனையாயின் யான் அறியாமையிற் கிடந்தது யாங்ஙனம். புதிதாக வந்தனையாயின் உன் நிறைவு என்னாவது என்னும் போக்கில் அவ்வினாக்கள் செல்லும். முன்னைய வினா ஆணவம் என்னும் பொருளைத் தனக்குப் புறம்பாக வைத்துக் கேட்டது. பின்னையவை தன்னையே உள்ளிட்டுக் கேட்டவை. விடை பெற்றவர்க்கு வினா ஒழிந்துவிடும் என்று கருதுவார் இந்நூலைப் பயிலுதல் வேண்டும்.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களும் முப்பத்தொன்பது அதிகரணங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அதிகரணத்துக்கு உறுப்பு ஐந்து: விடயம், ஐயம், பூருவபக்கம், சித்தாந்தம், இயைபு. ஐயத்தை ஓர் உறுப்பாகவே வைத்தமை கவனிக்கத்தக்கது. ஐயம் எழாத இடத்து அதிகரணம் இல்லை. எழுந்த ஐயத்துக்குப் பிறர் கூறும் விடையை அவர் வாயிலாகவே நிறைவுறக் கூறாத இடத்துச் சித்தாந்தமும் இல்லை. சிவஞான முனிவர் மாபாடியத்தில் மறுதலைக் கட்சியை எடுத்துக் கூறுந்தோறும், அக்கட்சியார் தாமும் இத்துணைத் திட்பமாகக் கூறியிரார் என்று கற்பார்க்குத் தோன்றும்.

இனி, மறுதலைப் பக்கமாக ஒன்றும் கூறவேண்டும். வினாவிடை என்னும் வடிவம் எக்காலத்தும் ஆராய்ச்சியை வளர்த்தது என்பதற்கில்லை. திருவாசகத்துத் திருச்சாழல் இருபது பாட்டினும் ஒருத்தி எள்ளி வினவ மற்றொருத்தி விடையிறுக்கின்றாள். தில்லையில் மணிவாசகப் பெருமானோடு வாதித்த புத்தர் வினாக்களுக்கு, ஈழத்தரசன் மகளாகிய ஊமைப்பெண் பேச்சுப் பெற்று விடையிறுத்ததாகப் புராணம் கூறும். அவ்வினாக்கள் இகழ்ச்சியாக எழுந்தவை. ஆயின் சுடுகாடும் நஞ்சும் பிச்சையும் பற்றி அடியார் உள்ளத்திலும் மறைந்து எழக்கூடியவை. அவற்றை மறையாது வெளிப்பட வைத்து விடை கூறியமையே அப்பதிகத்தின் வலிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. கிறித்தவப் பாதிரிமார் ஞானோபதேச வினாவிடைகளைச் சிறார்க்கு நெட்டுருப் பண்ணுவித்து வருவதனை யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822 முதல் 1879 வரை) அருகிருந்து கண்டனர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், சைவ வினாவிடை முதற்புத்தகம், இரண்டாம் புத்தகம் என்பனவற்றையும் இயற்றினர். உலகுக்குக் கருத்தா யாவர் என்பது முதலாகத் தொடங்கிப் பதி, பசு, பாசம், திருநீறு, அஞ்செழுத்து, ஆலய வழிபாடு எனச் செல்லும் அந்நூல்கள், தம் சமயம் யாதென்றும் அறியாதிருந்த சிறார்க்குச் செய்த உபகாரம் அளவிடற்கரியது. அக்காலத்து நெருக்கடியில் வேறு செய்தற்கும் இடமில்லை. எனினும் உண்மைவிளக்கத்தையும் சைவ வினாவிடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு வேறுபாடு ஒன்று புலனாம். முன்னதில் வினா மாணாக்கனுடையது. பின்னதில் வினா ஆசிரியனுடையது. நன்னூல் வழக்கிற் கூறின், அறியாவினா நின்ற இடத்தை அறிவினா கொண்டது. நாவலரவர்கள் அதனை வாயிற்படியாகவே வைத்தனர். அவ்வாயிலைக் கடந்து சித்தாந்த நூல்களைக் குருமுகமாகக் கேட்க வேண்டும் என்பதே அவர் கருத்து. பின்வந்தோர் பலர் வாயிற்படியிலேயே அமர்ந்துவிட்டமைக்கு அவர் பொறுப்பாளரல்லர்.

உமாபதி சிவாசாரியார் அருளிய வினாவெண்பா இவையனைத்தினின்றும் வேறுபட்ட நிலையது. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கிய அவர், 1313ஆம் ஆண்டையொட்டிச் சங்கற்பநிராகரணம் இயற்றியவர். பிற சமயக் கட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக மறுத்து விடை கூறுவதில் வல்லவர் என்பதற்கு அந்நூலே சான்று. அத்தகையார் தம் ஆசிரியர் மறைஞான சம்பந்தரை முன்னிலைப்படுத்திப் பாடிய இப்பதின்மூன்று வெண்பாவில் ஒரு விடையும் கூறிற்றிலர். ஒளியும் இருளும் ஓரிடத்து நிற்றல் அரிதாகவும், வினையுடையேன்முன் நீ வந்து நின்றது எவ்வாறு என்பது போலத் தொடங்கிச் செல்லும் நூல் முழுவதும் வினாவே. சிவப்பிரகாசம் நூறு செய்யுளில் விடைகளை விரித்த ஆசிரியர் இங்கு அவற்றை எழுதாதது இயலாமையாலன்று. விடையை ஏட்டில் எழுதிவிட்டால் கற்பவன் அதனைக் கைக்கொண்டு, வினாவைக் கைவிடுவான் என்பதனை அவர் அறிந்திருந்தனர் எனக் கொள்வதே பொருத்தம். நூலின் இறுதி வெண்பாவில், இதன் உண்மையை வினவி அறியாதார்க்கு அது ஊமன் கண்ட கனாவைப் போல் ஆகும் என்றனர். உரையாசிரியர்கள் விடைகளைக் குறித்துச் சென்றுள்ளார்களாயினும், பதின்மூன்று வினாக்களும் இன்றும் தம் ஆசிரியரை நாடிச் சென்று கேட்பார்க்கென்றே நிற்கின்றன.